தமிழ்நாடு பட்ஜெட் புத்தகங்கள்: குன்னூரில் இருப்பவருக்கு எவ்வளவு பயன்படும்?

வீட்டு வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு "இவ்வளவு வாங்கி என்னதான் செய்கிறார்கள்?" என்று கேட்காத தெரு நீலகிரியில் இல்லை. அந்தக் கேள்விக்கான விடையில் ஒரு பகுதியை அரசே ஆண்டுதோறும் அச்சிட்டு, நிதித்துறையின் இணையதளத்தில் இலவசமாகவும் போட்டுவிடுகிறது. அந்த பட்ஜெட் தொகுப்பைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். அரசு வரவுக்குள் செலவு செய்ய வேண்டும், வரி அளவோடு இருக்க வேண்டும், இன்றைய செலவுக்கான கடன் பேரப்பிள்ளைகள் தலையில் ஏறக்கூடாது என்று நினைத்து, அக்கம்பக்கத்தில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மனு எழுதுகிறவர்களுக்கு இது எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதே அளவுகோல். எங்கள் நிலைப்பாடும் அதுவேதான். எழுதுவதற்கு 2025-26 தொகுப்பை எடுத்துக்கொண்டோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மாநில அளவில் வாதாட இதைவிட நல்ல ஆதாரம் வேறு கிடையாது. ஊர் அளவுக்கு இறங்கி வந்தால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. மீதி வழிக்கு வேறு மூன்று காகிதங்கள் வேண்டும். அவற்றையும் பின்னால் சொல்கிறோம்.

தொகுப்பில் பலரும் முதலில் திறப்பது நிதியமைச்சரின் உரை. அதைக் கடைசியில் படியுங்கள். உரையில் இருப்பது புது அறிவிப்புகள். பழைய திட்டங்களுக்குப் போகும் பணம்தான் பட்ஜெட்டின் பெரும்பாகம், அது உரையில் அதிகம் வராது. முதலில் எடுக்க வேண்டியது அரசமைப்புச் சட்டத்தின் 202ஆம் பிரிவின்படி பேரவையில் வைக்கப்படும் ஆண்டு நிதிநிலை அறிக்கை. மொத்த வரவு, மொத்தச் செலவு, கடன் எல்லாம் சில பக்கங்களில் அடங்கிவிடும். அடுத்து, தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் 2003-இன்படி அரசு வைத்தே ஆக வேண்டிய இடைக்கால நிதித் திட்டம். வரும் ஆண்டுகளில் பற்றாக்குறை எங்கே போகும் என்று அரசு தன் கையாலேயே எழுதிக்கொடுக்கும் காகிதம் அது. அதன் பிறகு வருவாய் விவரங்கள் அடங்கிய தொகுதி. கடைசியாக, ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கான தொகையைப் பேரவையிடம் கேட்கும் மானியக் கோரிக்கைப் புத்தகங்கள். தடிமனானவை இவைதான், சண்டைக்கான சரக்கு இருப்பதும் இவற்றில்தான்.

2025-26 மதிப்பீட்டில் வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய், வருவாய்ச் செலவு 3,73,204 கோடி ரூபாய். இடையே விழும் துண்டு 41,635 கோடி. இதுதான் வருவாய்ப் பற்றாக்குறை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்று அன்றாடம் கரைந்துபோகும் செலவுக்கே கடன் வாங்குகிறோம் என்று இதற்கு அர்த்தம். மூலதனச் செலவையும், கொடுக்கும் கடன்களையும் சேர்த்தால் வருவது நிதிப் பற்றாக்குறை, 1,06,963 கோடி; மாநில மொத்த உற்பத்தியில் 3 சதவீதம். 2026 மார்ச் முடிவில் நிலுவைக் கடன் 9,29,959 கோடி என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

மேடையில் பேசுகிறவர்கள் பலர் இந்த மூன்று எண்ணையும் ஒன்றாகக் குழப்பி, "ஒன்பது லட்சம் கோடி பற்றாக்குறை" என்று முழங்கிவிடுகிறார்கள். கேட்கிற அதிகாரி ஒரே வரியில் மறுத்துவிடுவார், அதோடு மனு செத்துப்போகும். கடன் என்பது சேர்ந்து நிற்கும் பாக்கி. பற்றாக்குறை என்பது இந்த ஆண்டில் விழும் துண்டு. சிக்கனம் கோருகிறவர் பிடிக்க வேண்டியது வருவாய்ப் பற்றாக்குறையைத்தான். சாலைக்கும் அணைக்கும் வாங்கும் கடனுக்கு ஒரு நியாயம் சொல்ல முடியும். மாதச் செலவுக்கு வாங்கும் கடனுக்கு அந்த நியாயம் கிடையாது. இதில் கட்சிக்கணக்குப் பார்க்க வேண்டாம். 2013-14 தொடங்கி ஆட்சிகள் மாறியும் இந்தத் துண்டு மறையவில்லை. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை ஒவ்வொரு குடும்பத்தின் தலைக்கும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்று கணக்குக் காட்டியது. அந்த அறிக்கையை வெளியிட்ட ஆட்சியின் பட்ஜெட்டிலும் துண்டு நிற்கிறது.

இனி புத்தகத்தைப் படிக்கும் முறை. ஒவ்வொரு வரிசைக்கும் நான்கு பத்திகள் இருக்கும். 2025-26 தொகுப்பில் முதல் பத்தி 2023-24 கணக்குகள், அதாவது உண்மையில் செலவானது. இரண்டாவது 2024-25 பட்ஜெட் மதிப்பீடு. மூன்றாவது அதே ஆண்டின் திருத்த மதிப்பீடு. நான்காவது 2025-26 மதிப்பீடு. செய்தித்தாள்கள் பெரும்பாலும் நான்காவதை இரண்டாவதோடு ஒப்பிட்டு "இத்தனை சதவீதம் உயர்வு" என்று போடும். அது ஆசையை ஆசையோடு ஒப்பிடுவது. நாலாவது பத்தியை முதல் பத்தியோடு ஒப்பிடுங்கள். உண்மையில் செலவானதிலிருந்து எவ்வளவு தாவுகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். ஒரு திட்டத்துக்கு மூன்று ஆண்டாக ஒதுக்கி, ஒவ்வோர் ஆண்டும் திருத்த மதிப்பீட்டில் குறைத்திருந்தால், "இந்தத் திட்டம் நடக்கவில்லை, ஏன் ஒதுக்குகிறீர்கள்?" என்று கேட்க அதுவே போதும்.

அலகைக் கவனியுங்கள். உரையில் எல்லாம் கோடியில் இருக்கும். மானியக் கோரிக்கையின் விவரப் பக்கங்களில் ஆயிரம் ரூபாய் அலகு. பக்கத்தின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். கடைசி நான்கு இலக்கத்தை மறைத்தால் கோடி. 12,50,000 என்று இருந்தால் அது 125 கோடி. பன்னிரண்டரை லட்சம் என்று படித்துவிட்டு, "நீலகிரிக்கு வெறும் பன்னிரண்டரை லட்சமா?" என்று கொதித்தால் அவமானம் நமக்குத்தான்.

தலைப்பு எண்கள்தான் இந்தப் புத்தகங்களின் உயிர். நான்கு இலக்க முதன்மைத் தலைப்பு நாடு முழுவதற்கும் ஒன்றே: கேரளத்தின் பட்ஜெட்டைத் திறந்தாலும் கர்நாடகத்தின் பட்ஜெட்டைத் திறந்தாலும் அதே எண்தான். 0006 மாநில ஜிஎஸ்டி. 0029 நிலவரி. 0030 முத்திரைத்தாள், பத்திரப்பதிவு. 0039 மாநில ஆயத்தீர்வை, அதாவது மதுவின் மேல் விழும் உற்பத்தி வரி. 0040 விற்பனை வரி, மதிப்புக் கூட்டு வரி. 0041 வாகன வரி. செலவுப் பக்கம் 2049 வட்டி, 2071 ஓய்வூதியம், 3054 சாலைப் பராமரிப்பு, 5054 புதுச் சாலைக்கான மூலதனம், 3604 உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கும் பங்கு. தமிழ்ப் பிடிஎஃப் கோப்புகள் சிலவற்றில் எழுத்துரு பழைய முறையில் இருப்பதால் சொல்லைத் தட்டித் தேடினால் ஒன்றும் வராது. எண்ணைத் தட்டினால் வந்துவிடும். இந்த ஒரு உத்தி தெரிந்தாலே பாதி நேரம் மிச்சம்.

எண் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மதுவைவிட நல்ல உதாரணம் இல்லை. மலைக் கிராமங்களில் கிராம சபைக்கு வரும் பெண்களுக்கு மதுக்கடைதான் முதல் குறை. அவர்களுக்காக மனு எழுதுகிறவர் வருவாய்த் தொகுதியைத் திறந்து, 0039-ஐப் பார்த்து, 2023-24-இல் மதுவால் அரசுக்கு வந்தது 10,774 கோடி என்று எழுதிவிடுவார். அது கால்வாசிகூட இல்லை. அதே ஆண்டு மதுவின் மேல் விழுந்த மதிப்புக் கூட்டு வரி 35,081 கோடி. அது 0039-இல் வராது, விற்பனை வரித் தலைப்பான 0040-இல் பெட்ரோல், டீசல் வரியோடு கலந்து நிற்கும். இரண்டையும் சேர்த்தால் 45,855 கோடி. மறு ஆண்டு 48,344 கோடி. குடிக்கும் மது ஜிஎஸ்டிக்கு வெளியே வைக்கப்பட்டிருப்பதால்தான் பழைய விற்பனை வரித் தலைப்பில் இவ்வளவு பெரிய தொகை இன்னும் தங்கியிருக்கிறது. புத்தகத்தில் 0040-க்குள் மதுவைத் தனி வரிசையாக எடுத்துக்காட்டினால் இந்தக் குழப்பமே வராது. தொகுப்பின் மேல் நாங்கள் வைக்கும் முதல் குறை இது. சரியான தொகைக்கு மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த 0040-க்கு ஒரு வரலாறு உண்டு. சிக்கன அரசியல் பேசும் தமிழர் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள், சாராய வருமானம் போனது. அந்தத் துண்டை அடைக்க 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார்; இந்தியாவில் பொதுவான விற்பனை வரிக்கு அதுதான் தொடக்கம். இருபது ஆண்டு கழித்து, 1959-இல், லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ஆட்சியை எதிர்த்து சுதந்திராக் கட்சியைத் தொடங்கியதும் அவரே. மதுவிலக்கு 1971-இல் தளர்ந்தது, 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே போனது. மது வருமானத்தை விட்டொழிப்பதற்காகப் பிறந்த வரித் தலைப்பிலேயே இன்று மது வருமானத்தின் முக்கால் பங்கு உட்கார்ந்திருக்கிறது. மதுவிலக்கு கேட்டு மனு எழுதும்போது 45,855 கோடிக்கு மாற்று என்ன என்ற பத்தியும் மனுவில் இருக்க வேண்டும். ராஜாஜி விலக்கியதோடு நிற்கவில்லை, மாற்றையும் கொண்டுவந்தார்.

அதே மதுவின் வாலில், செலவில்லாமல் நன்மை செய்த ஒரு ஏற்பாடும் நம் மலையிலேயே இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவால் 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கியது: புட்டிக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஸ்டிக்கர் ஒட்டிய காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் தருகிறார்கள். யானையும் காட்டெருமையும் நடக்கும் வழியில் உடைந்த கண்ணாடி கிடக்கக்கூடாது என்பதற்காக வந்த முறை. இது வரி அல்ல, வைப்புத்தொகை. குப்பை போடுகிறவர் தன் பணத்தைத் திரும்பப் பெறுவதற்காகத் தானே பொறுக்கிக் கொண்டுவருகிறார். அதற்காக வீட்டு வரி ஒரு பைசா ஏற வேண்டியதில்லை. பொறுப்பை அரசின் தலையில் கட்டாமல் தனிமனிதர் கையில் கொடுக்கும் இந்த மாதிரிதான் மற்ற குப்பைக்கும் வேண்டும் என்று நாங்கள் அழுத்திச் சொல்வோம்.

சரி, குன்னூர் எங்கே? மானியக் கோரிக்கை எண் 34, நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை. அதைத் திறந்து 3604-க்குப் போங்கள். சிறு தலைப்பு 191 என்றால் மாநகராட்சிகள், 192 நகராட்சிகள், 193 பேரூராட்சிகள். அதற்குக் கீழே செலவின் வகை எண் வரும்: 301 என்றால் சம்பளம், 309 என்றால் உதவித்தொகை. இதில் உதகமண்டலமும் குன்னூரும் கூடலூரும் நெல்லியாளமும் மாநிலத்தின் மற்ற எல்லா நகராட்சிகளோடும் சேர்ந்து ஒரே தொகையாகக் கரைந்துபோகும். ஊர்ப் பெயரைத் தட்டித் தேடினால், உரையில் எப்போதாவது வரும் ஓர் அறிவிப்பு கிடைக்கலாம், அவ்வளவுதான். மாவட்டவாரியான பிரிப்பு இல்லாதது தொகுப்பின் இரண்டாவது பெரிய குறை. பணம் சென்னையிலிருந்து கிளம்பும் வரை புத்தகம் காட்டுகிறது. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறியபின் என்ன ஆனது என்று காட்டுவதில்லை.

இங்கேதான் அந்த மூன்று காகிதங்கள். முதலாவது, நகராட்சியின் சொந்த பட்ஜெட். தமிழ்நாட்டு நகராட்சிகள் பொதுவாக மூன்று நிதிகளாகக் கணக்கு வைக்கும்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. முதல் நிதியை மட்டும் பார்த்துவிட்டு நகராட்சி லாபத்தில் ஓடுகிறது என்று சொல்லும் தவறு அடிக்கடி நடக்கிறது. மலையில் தண்ணீரை மேலே ஏற்றும் மின்சாரச் செலவு எப்போதும் இரண்டாவது நிதியைத்தான் அழுத்தும். மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் வாய் திறக்கக்கூடாது. இரண்டாவது, உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் தணிக்கை அறிக்கை. மூன்றாவது, வரி கேட்பு–வசூல்–நிலுவை அறிக்கை. வரி உயர்வுக்கு எதிரான வாதத்தில் மூன்றாவதற்குத்தான் எடை அதிகம். பெரிய கட்டடங்களின் பாக்கி வசூலாகாமல் கிடக்கும்போது, ஒழுங்காகக் கட்டுகிறவரின் வரியை ஏற்றுவது எப்படி நியாயம் என்று கேட்க அந்த ஒரு தாள் போதும்.

இணையத்தில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "நகராட்சியின் செலவு விவரம் தருக" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் நேரில் வந்து கோப்பைப் பாருங்கள் என்று பதில் வரும். எந்த நிதி, எந்த ஆண்டு, எந்த அறிக்கை என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். ஒரு மனுவில் ஒரு பொருள். ஏன் செலவு செய்தீர்கள் என்று காரணம் கேட்காதீர்கள், இருக்கும் ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். சட்டம் தரும் உரிமை அதற்குத்தான்.

சொத்து வரிக்கு வருவோம், ஏனென்றால் மலை ஊர்களில் ஆட்களைத் தெருவுக்கு இழுப்பது அதுதான். 2008-க்குப் பின் பொதுச் சீராய்வு நடக்காமலே கிடந்தது. 2018-இல் உயர்த்தினார்கள், 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். 2022 ஏப்ரலில் மொத்தமாக ஏற்றினார்கள். நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதம். இதற்கான விதை மாநில பட்ஜெட்டில்கூட இல்லை. மத்திய அரசின் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பிரிக்கப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து, மாநில உற்பத்தி வளரும் வேகத்துக்கு வசூலையும் வளர்த்தால்தான் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று நிபந்தனை போட்டது. வார்டு உறுப்பினரிடம் மட்டும் சண்டை போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அவர் கையெழுத்துப் போட்ட தீர்மானத்தின் கயிறு டெல்லியில் இருக்கிறது.

2024-இல் சென்னை உட்பட நகர்ப்புற உள்ளாட்சிகளில் 6 சதவீத உயர்வு வந்தது. 6 என்பது சின்ன எண்ணாகத் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டு வரி 1,200 ரூபாயாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 2022-இல் 50 சதவீதம் ஏறி 1,800. அதன் மேல் 6 சதவீதம், 1,908. இதே 6 சதவீதம் ஆண்டுதோறும் கூட்டாக ஏறினால் 12 ஆண்டில் வரி இரட்டிப்பாகிவிடும். 14 ஆண்டில் உயர்வு 126 சதவீதம். 2008-இலிருந்து 2022 வரை 14 ஆண்டு தூங்கிவிட்டு ஒரே நாளில் 100 சதவீதம் ஏற்றியதைக் கண்டு கொதித்தோமே, சத்தமில்லாமல் ஏறும் 6 சதவீதம் அதைவிடப் பெரியது. எதிர்க்க வேண்டியது இந்தச் சூத்திரத்தைத்தான். ஆண்டு உயர்வுக்கு ஓர் உச்சவரம்பு கேளுங்கள்.

அப்படி ஒரு வரம்பு உலகில் இல்லாததல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1978 ஜூன் 6 அன்று வாக்காளர்களே நேரடியாக வாக்களித்து 13ஆவது முன்மொழிவை நிறைவேற்றினார்கள். ஹோவர்ட் ஜார்விஸ் முன்னின்று கையெழுத்து வாங்கி நடத்திய இயக்கம் அது. சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, சொத்து கைமாறாத வரை மதிப்பீடு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று கட்டிப்போட்டது. நம் 14 ஆண்டுக் கணக்கில் 2 சதவீதம் என்றால் உயர்வு 32 சதவீதம் மட்டுமே. கொலராடோவில் 1992-இல் இன்னும் ஒரு படி மேலே போய், அரசின் வருவாயே விலைவாசியும் மக்கள்தொகையும் வளரும் அளவுக்கு மேல் வளரக்கூடாது, மிஞ்சினால் மக்களுக்குத் திருப்பித் தர வேண்டும், வரியை ஏற்ற வாக்காளரைக் கேட்க வேண்டும் என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். தமிழ்நாட்டில் வாக்காளர் நேரடியாகச் சட்டம் போடும் வழி இல்லை. நமக்கு இருப்பது கிராம சபையும், மன்றத் தீர்மானத்துக்கு எழுதும் ஆட்சேபமும், சட்டமன்ற உறுப்பினரும்தான்.

கான்சாஸ் மாநிலத்தின் பாடத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும், நம் பக்கத்து ஆட்கள் அதை விட்டுவிடுகிறார்கள். 2012-இல் ஆளுநர் சாம் பிரௌன்பேக் வருமான வரியைப் பெரிய அளவில் வெட்டினார். செலவு அந்த அளவுக்குக் குறையவில்லை. வருவாய் சரிந்து, 2017-இல் அவருடைய குடியரசுக் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம் அவருடைய ரத்து அதிகாரத்தையும் மீறி வரியைத் திரும்ப ஏற்றியது. எந்தச் செலவுத் தலைப்பில் எவ்வளவு குறைப்பது என்று சொல்லாமல் வரியைக் குறை என்று மட்டும் கேட்டால் அதுதான் நடக்கும். தமிழ்நாட்டில் வட்டிக்கு மட்டும் 70,000 கோடி ரூபாய்க்கு மேல் போகிறது, வருவாய் வரவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். 2049-ஐயும் 2071-ஐயும் யாராலும் நாளைக்கே குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது மீதியில்தான் இருக்கிறது, அதில் நமக்குப் பிடித்தவையும் இருக்கும். பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2024-25 பட்ஜெட்டில் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. தேயிலை பறிக்கப் போகும் பெண்ணுக்கு அது கையில் நிற்கும் கூலி. மானியம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டச் சொல்கிறவர், இதையும் வெட்டச் சொல்கிறாரா என்று தெளிவாகச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

கிராம ஊராட்சிகளில் இருப்பவர்களுக்கு வேலை எளிது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவை படிவம் 30-இல் வாசிக்க வேண்டும். சுருக்கத்தை பேனரில் எழுதி வைப்பதும் உண்டு. அந்த பேனரை போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தின் பேனரையும் எடுங்கள். முந்தையதன் இறுதி இருப்பும் பிந்தையதன் தொடக்க இருப்பும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் கூட்டத்திலேயே கேட்டு, கேள்வியைத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பதிவேட்டில் ஏறாத பேச்சு அன்றோடு காற்றில் போய்விடும்.

நகர்ப்புறத்தில் காலம்தான் முக்கியம். பட்ஜெட் வழக்கமாக பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். 2025-26 பட்ஜெட் மார்ச் 14 அன்று வந்தது. அதன் பின் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதங்கள் நடக்கும், ஒவ்வொரு துறைக்கும் ஒரு நாள் குறித்திருப்பார்கள். துறை கேட்கும் தொகையைக் குறைக்கச் சொல்லி உறுப்பினர்கள் கொடுக்கும் வெட்டுத் தீர்மானம் பேச்சுக்கு வருவதும் அந்த நாளில்தான். கொள்கை விளக்கக் குறிப்பும் அன்றுதான் வெளிவரும். நீலகிரிக்கு உதகமண்டலம், குன்னூர், கூடலூர் என்று மூன்று தொகுதி. உங்கள் உறுப்பினருக்கு மனு போய்ச் சேர வேண்டியது பட்ஜெட் வந்த பிறகு, அந்தத் துறையின் நாளுக்கு முன்பு. ஒரே பக்கம். மானியக் கோரிக்கை எண், நான்கு இலக்கத் தலைப்பு, முதல் பத்தித் தொகை, நான்காவது பத்தித் தொகை, என்ன கேட்கிறோம் என்ற ஒரு வாக்கியம். விவாதம் முடிந்த பிறகு கொடுக்கும் மனு எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் அடுத்த ஆண்டுக்குத்தான்.

தொகுப்பின் மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பத்தாண்டு வரிசை ஓரிடத்தில் இல்லை. ஒரு தலைப்பின் போக்கைப் பார்க்க வெவ்வேறு ஆண்டுகளின் கோப்புகளைத் திறந்து கையால் ஏற்ற வேண்டும். மின்சார, போக்குவரத்து நிறுவனங்கள் தங்கள் பெயரில் வாங்கும் கடன் 9,29,959 கோடிக்குள் வராது. அரசு கொடுத்த உத்தரவாதங்களின் பட்டியலைத் தனியாகப் பார்த்தால்தான் சுமையின் முழு உருவம் தெரியும். ஆண்டின் நடுவில் நிலவரம் பார்க்க தொகுப்பு உதவாது. அதற்கு இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தளத்தில் மாநிலவாரியாக வரும் மாதாந்திரக் கணக்கு இருக்கிறது. தணிக்கை ஆகாத எண்கள்தான், இருந்தாலும் டிசம்பரில் எத்தனை சதவீதம் செலவாகியிருக்கிறது என்பது தெரியும். மார்ச்சில் மட்டும் திடீரென்று செலவு குவிந்தால், ஏன் என்று கேட்க வேண்டும்.

முழுத் தொகுப்பையும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்க வேண்டாம், காசு வீண். ஆண்டு நிதிநிலை அறிக்கையின் சுருக்கப் பக்கங்கள், 0039, 0040 வரும் பக்கங்கள், கோரிக்கை 34-இல் 3604 வரும் பக்கங்கள், இடைக்கால நிதித் திட்டம் ஆகியவை போதும். ஒரு கோப்பு அட்டைக்குள் அடங்கிவிடும். அதனோடு உங்கள் சொத்து வரி ரசீதையும் சேர்த்து வையுங்கள். ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, உச்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. 1,908 ரூபாய்க்கு ஊக்கத்தொகை 95 ரூபாய் 40 பைசா. ஆட்சேப மனு கொடுத்திருந்தாலும் வரியைக் கட்டிவிட்டே வாதாடுங்கள். பாக்கி வைத்திருப்பவரின் பெயர் கேட்பு–வசூல்–நிலுவை அறிக்கையில் இருக்கும், மன்றத்தில் அதைத்தான் முதலில் எடுத்துக்காட்டுவார்கள்.